ஆறு மாதத்துத் தாகம்

மணி பதினொன்றுகூட ஆகவில்லை, அதற்குள் மூன்றாவது தண்ணீர் பாட்டிலும் காலி. எழுந்து போய் நிரப்பினால் மறுபடி கேலி செய்வார். பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

ஆனால் இன்று அவர் கேலி செய்யும் நிலையில் இல்லை. மருத்துவமனை வராந்தாவில், பக்கத்து நாற்காலியில், அவள் கணவர் செல்போனை எடுப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தார். மற்ற நாளென்றால், "குடத்தோட பொறந்தவ" என்பார். தையல் ஆலையில் துணி வெட்டும் மேசையை விட்டு அவள் பத்துத் தடவை கழிப்பறைக்கு ஓடுவதைப் பார்த்து மேற்பார்வையாளனும், "அக்கா, உங்க மேசைய அங்கேயே போட்டுடவா?" என்பான். அவளும் சிரித்துவைப்பாள்.

ஏற்றமும் இறக்கமுமாக அவளை ஆட்டிவைத்த இருமுனை மனநோய்க்குப் பன்னிரண்டு வருஷமாக லித்தியம் மாத்திரை. மனம் தரையில் நின்றது. மாத்திரை தரும் தாகம்தானே, போகட்டும் என்றிருந்தாள். கால் வீங்கி, செருப்பு வார் கடைசி ஓட்டைக்கு வந்தபோதுகூட அவர், "எல்லாம் உன் மனசுதான்" என்றார். தன் மனதை நம்பாத பழக்கத்தில் அவர் சொன்னதை நம்பினாள்.

சற்றுமுன் ரத்தம் எடுத்த நர்ஸ் கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "லித்தியத்தால கிட்னி பாதிதான் வேலை செய்யுதுன்னு ஆறு மாசம் முன்னாடியே ரிப்போர்ட் வந்திருக்கே? உங்க வீட்டுக்காரர்தானே கையெழுத்து போட்டு வாங்கியிருக்கார்?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. மறுபடி நீ வீட்டையே தலைகீழாக்குவ. பயமா இருந்துச்சும்மா."

அந்தப் பயம் பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் காப்பாற்றியது அவளையா, வீட்டின் அமைதியையா?

அவர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் கேட்டா, நான் அப்பவே சொன்னதாவும் நீதான் மறந்துட்டதாவும் சொல்லிடு. நீ சொன்னா நம்பிடுவாங்க."

நம்புவார்கள்தான். கால் வீங்குகிறது என்றபோது நம்பாதவர்கள், மறந்துவிட்டேன் என்றால் உடனே நம்புவார்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கோப்பைப் படித்துவிட்டு அவள் கணவரைப் பார்த்துத்தான் கேட்டார்: "இவங்களுக்கு இது முன்னாடியே தெரியும்ல?"

மேசைக்கடியில் அவர் கை அவள் முழங்காலைத் தொட்டது. அவள் காலை நகர்த்திக்கொண்டாள். காலி பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

"என்னைக் கேளுங்க டாக்டர். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."