உள்தோல்

ஒரு கத்திக்காக இரண்டு பெண்கள் எட்டு மாதம் பேசாமல் இருந்தார்கள் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அது தோல் வெட்டும் கத்தி. சின்னவள் அதைக் கொண்டு ஒரு நூலைக்கூட அறுக்க மாட்டாள். அவள் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி இருக்கிறாளே, பெரியவள், அந்த மகராசி அதே கத்தியை எடுத்து ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தொலைத்தாள். முனை மழுங்கிப்போனது.

"அக்கா, இது என்ன காய் நறுக்குற கத்தியா?"

"ஏன், உன் கத்தி தங்கத்துல செஞ்சதா? வெட்டுறவளுக்கு இவ்வளவு வாய் ஆகாது."

வெட்டுறவள். அந்த ஒரு சொல் போதாதா! பத்து வருஷமாக அந்தப் பட்டறைக்கு வந்த ஒவ்வொரு தோலையும் தடவிப் பார்த்து, இது முதுகு, இது வயிறு, இது மாடு, இது ஆடு என்று பிரித்துக் கொடுத்தவள் அவள். அன்றைக்கே பேச்சை நிறுத்தினாள்.

பட்டறை என்றால் இரண்டே அறைகள். முன் அறையில் சின்னவள் தோல் வெட்டுவாள், அவள் புருஷன் மெஷினில் தைப்பான். உள் அறையில் பெரியவள் ஷூவுக்குள் உள்தோல் ஒட்டுவாள். அவள் புருஷன், பெரியவர், ஆஸ்பத்திரியில் ஆர்டர் பிடிப்பார். அவர்கள் செய்தது சர்க்கரை நோயாளிகளுக்கான ஷூ. அந்தக் கால்களுக்கு உணர்ச்சி கிடையாது. முள் குத்தினாலும் தெரியாது, தோல் உரிந்தாலும் தெரியாது. அதனால் காலில் படுகிற உள்பக்கம் மெத்தென்ற நல்ல தோலாக இருந்தே ஆக வேண்டும்.

சண்டைக்கு முன்னால் உள்தோலையும் சின்னவள்தான் பொறுக்கி வெட்டுவாள். முடிந்த ஷூ ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டுக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தேய்த்துப் பார்ப்பாள். சண்டைக்குப் பிறகு அதெல்லாம் கிடையாது. 'நான் வெறும் வெட்டுறவதானே, உள்ளே ஒட்டுறதை ஒட்டுறவளே பார்த்துக்கட்டும்' என்று வீம்பு. மேல்தோலில் அளவைச் சாக்பீஸால் எழுதி நடுச்சுவர் ஜன்னல் வழியாகத் தள்ளிவிடுவாள். ஷூ அதே ஜன்னல் வழியாகத் திரும்பி வரும். நடுவில் ஆண்கள் இருவரும் தூது போய்ப் போய் அலுத்துவிட்டார்கள்.

இந்த வீம்பு எங்கே வந்து விடிந்தது தெரியுமா? அவள் புருஷனுக்கே சர்க்கரை. இடது காலில் ஒரு விரல் ஏற்கெனவே போயாயிற்று. "இன்னொரு புண் வந்தா கணுக்காலுக்கு மேலயே எடுக்க வேண்டியிருக்கும்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அவனுக்குப் புது ஷூ செய்தபோது இருப்பதிலேயே நல்ல தோலாக எடுத்து மேல்பக்கம் வெட்டினாள். உள்தோல் வழக்கம்போல உள் அறையில் ஒட்டி வந்தது. தினமும் காலையில் அவளே குனிந்து அவனுக்கு லேஸ் கட்டிவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஒருநாள் சாக்ஸைக் கழற்றினால் ரத்தம். சுண்டுவிரல் ஓரம் ஆழமான புண். அவன் அதையும் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே" என்றான். வலித்திருந்தால்தான் பரவாயில்லையே, பாவி மனுஷா!

ஷூவுக்குள் கையை விட்டாள். உள்ளே காய்ந்த பெயின்ட் மாதிரி ஏதோ வெடித்துச் சுருண்டிருந்தது. அதன் விளிம்பு விரலைக் கீறியது. ஒரு துண்டைக் கிழித்துத் தீக்குச்சியைக் காட்டினாள். தோல் எரிந்தால் முடி கருகுகிற வாடை வரும். இது உருகிச் சொட்டியது, நாற்றம் பிளாஸ்டிக் நாற்றம்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த உள் அறைக்குள் போனாள்.

"இது என்ன?"

"தோலு" என்றாள் பெரியவள், பசைக் கையைத் துடைத்துக்கொண்டே.

"எது தோலு? நெருப்பைக் காட்டினேன், சொட்டுது!"

"ரோல்ல தோல்னுதான் எழுதியிருக்கு, பாரு. தோலை அரைச்சுப் பசை போட்டு அழுத்தின ஷீட்டு. விக்கிறவனே தோல்னு விக்கிறான், நான் என்ன மாத்திச் சொல்றது?"

"மரத்தூளை ஒட்டி வச்சா அதை மரம்னு சொல்லுவியா? தூளைப் பிடிச்சு வச்சு மேல பிளாஸ்டிக்கைப் பூசியிருக்கான். தோல்னு எழுதிட்டா தோலாயிடுமா? அவரு உன் கொழுந்தன்டீ!"

மரியாதை போன இடம் தெரியவில்லை. பெரியவளும் விடவில்லை.

"தெரிஞ்சா செஞ்சேன்? எது நல்ல தோலுன்னு உன்னை விட்டா இங்க யாருக்குத் தெரியும்? எட்டு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறவகிட்ட நான் வந்து கெஞ்சிக் கேக்கணுமா?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் சின்னவளுக்கு அவளை அறைய வேண்டும்போல் கை பரபரத்தது. அதற்குள் பெரியவர் ஓடி வந்தார்.

"இதே மாதிரி எத்தனை ஜோடி போயிருக்கு மாமா?"

"பதினொண்ணு. மெதுவா சொல்லிக்கலாம்மா, பேரு கெட்டுப்போயிடும்."

அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்கு அவளே பேசினாள். "எங்க ஷூவுக்குள்ள இருக்கிறது தோல் இல்லைங்க. யாரும் போட வேண்டாம். இப்பவே கழட்டச் சொல்லுங்க." பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு ஜோடியும் திரும்பி வந்தன. அவள் புருஷனின் கால் திரும்பவில்லை. இரண்டு வாரம் மருந்து போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன், "இனிமே ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கினா ரெண்டு மடங்கு நாள் வரும்" என்றான். அவள் வெளியே போய் வராந்தாச் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். தன் கை வழியாகத்தானே போனது அந்த ஷூ! ஒரே ஒரு தடவை கட்டைவிரலை உள்ளே விட்டிருக்கக் கூடாதா? பெரியவளை வெறுத்ததைவிட அந்தக் கட்டைவிரலை அவள் அதிகம் வெறுத்தாள்.

பெரியவள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் சின்னவள் வாசலிலேயே மறித்து, "உள்ள வந்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று திருப்பி அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து, வலது காலையாவது காப்பாற்ற நல்ல ஷூ வேண்டும் என்றார் டாக்டர். சின்னவள் பட்டறைக்குப் போனாள். சாயம் போடாத மெல்லிய ஆட்டுத்தோலாகப் பார்த்து எடுத்தாள். எப்போதும் ஒரே தோலில் இடது, வலது இரண்டு அளவு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கோடு போடுவார்கள். அப்போதுதான் ஜோடி ஒரே மாதிரி இழுபடும். அவள் ஒரு அட்டையை மட்டும் வைத்துக் கோடு போட்டாள்.

உள் அறை வாசலில் நின்றிருந்த பெரியவள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் உடைந்துவிட்டாள். ஓடி வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு, "என்னை நாலு அறை அறைஞ்சிடு, இப்படி இருக்காதே" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

சின்னவள் நிமிரவே இல்லை.

"தள்ளி நின்னு அழுங்க. கண்ணீர் பட்டா தோல்ல கறை விழும்."