வயிற்றால் நின்ற பேருந்து

பதினோரு டன் பேருந்தைத் தன் வயிற்றாலேயே நிறுத்தியவரைப் பெட்டிக்குள் இறக்க நான்கு பேர் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டைப் பிடித்திருந்தவர் சின்னவர். இறந்த பெரியவரின் தம்பி, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

“பாத்து, பாத்து. வயித்துல இடிச்சிடாதீங்க, பெட்டி உடைஞ்சிடும்,” என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்காத காது தெருவில் கிடையாது. மதில்மேல் படுத்திருக்கும் பூனைகூட மனப்பாடமாகச் சொல்லும். டிப்போவில் பெரியவர் பிரேக் பரிசோதகர். பிரேக் பிடிக்காத வண்டிக்குச் சரியென்று கையெழுத்துப் போடச் சொன்னார் மேலாளர். பெரியவர் ஜெபம் பண்ணினார். ‘படு’ என்றார் கர்த்தர். போய்ச் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டார். வண்டி வந்து வயிற்றைத் தொட்டு நின்றது.

சொல்லச் சொல்ல வண்டி வளர்ந்தது. முதலில் காலி வண்டி. அப்புறம் அறுபது பயணிகள். பேரப்பிள்ளைகளிடம் சொன்னபோது கூரைமேல் ஒரு கால்பந்தாட்டக் குழுவே உட்கார்ந்திருந்தது.

“ஓட்டினது யாரு மாமா?” என்று கேட்டால் மட்டும், “யாரோ ஒரு டிரைவர். மூஞ்சி ஞாபகமில்ல,” என்பார். பால்பல் விழுந்த கிழமையைக்கூடச் சொல்லக்கூடிய மனுஷர்! அங்கேதான் கதை மாட்டிக்கொள்ளும். எல்லோரும் சின்னவரைப் பார்ப்பார்கள். அதே டிப்போக்காரர்தானே.

“அண்ணன் புளுகு,” என்பார் சின்னவர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் பெரியவர்தான்.

போதகர் வந்து உட்கார்ந்ததும் அண்ணி அவர் பக்கம் நகர்ந்தாள்.

“பாஸ்டர், ஜெபத்துல ஒண்ணு சேத்துக்கணும். நல்ல மனுஷன், யாரையும் ஏமாத்தினதில்ல. அந்த பஸ் பொய் ஒண்ணுதான். அதையும் கர்த்தர் பேரைச் சொல்லிச் சொல்லிட்டாரு. மன்னிக்கச் சொல்லிக் கேளுங்க. பொய்யோட போய் அவர் முன்னால நிக்கக் கூடாது.”

“கேப்போம்மா.”

சின்னவர் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாள் கண்முன் வந்தது.

ஈரத் தரை, காலை ஆறு மணி. வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே அண்ணன் தலை மறைகிறது. “எழுந்திருண்ணே, வேலை போயிடும்!” என்று ஜன்னல் வழியே கத்துகிறார். “படுன்னுதான்டா சொன்னாரு. எழுந்திருன்னு இன்னும் சொல்லல,” என்கிறது கீழிருந்து குரல். விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் குரல் நடுங்குகிறது. “எடுய்யா, பயந்து எழுந்திடுவான்,” என்கிறார் மேலாளர்.

சின்னவர் எடுத்தார்.

வண்டி அன்றே சத்தமில்லாமல் பட்டறைக்குப் போனது. அண்ணன் படுக்கவே இல்லை, பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தவரும் சின்னவர்தான். வேண்டுமென்றே வண்டியைத் தாமதப்படுத்தியதாகச் சொல்லிப் பெரியவரை வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். பத்தொன்பது வருடம் ஊறிய பாதங்களோடு வீடு திரும்பினார். “தண்ணியில நின்னா ஆயுசு கூடுமாம்டா,” என்று தம்பியிடம் சொன்னதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

போதகர் கண்களை மூடினார். எல்லோரும் தலை குனிந்தார்கள்.

“ஆண்டவரே, உம்முடைய பிள்ளை விளையாட்டாகச் சொன்ன அந்தப் பொய்யை...”

“வேண்டாம் பாஸ்டர்.”

சின்னவர் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன தம்பி?” என்றாள் அண்ணி.

“ஓட்டினது நான்தான் அண்ணி.”

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார்கள்.

“அறுபது பேரெல்லாம் இல்ல. காலி வண்டி. சும்மா மிரட்டத்தான் எடுத்தேன். கிட்ட போனதும் பிரேக்கை மிதிச்சேன்.” வலது காலைத் தரையில் அழுத்திக் காட்டினார். “காலு அடியில போய் முட்டுச்சு. பிரேக்கே இல்ல. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதுவும் இல்ல.”

பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மரத்தூளை அண்ணி ஒற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்ப எப்படி நின்னுச்சு?” என்றாள், நிமிராமல்.

“தெரியல அண்ணி. அவர் வயித்துலதான் நின்னுச்சு.”