வீக்கம் இல்லாத படங்கள்

என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணப் பெண்ணின் பருவையும் மாப்பிள்ளையின் தொப்பையையும் கம்ப்யூட்டரில் கரைத்தே பேர் வாங்கியவர். எந்த முகத்தையும் உள்ளபடி விடமாட்டார். விட்டால் கை அரிக்கும்.

எங்கள் ஒரே மகளுக்கு வீட்டில் குருவி என்று பேர். பள்ளி அடையாள அட்டைக்காக, தூங்கி எழுந்த கையோடு அவளைப் படமெடுத்தார். இமைகள் உப்பியிருந்தன. தூக்கம் போதவில்லை என்றார். மவுஸை நாலு இழு இழுத்தார், வீக்கம் போய்விட்டது. நானும் வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை பையன் கல்யாணம், பள்ளி விழா என்று பிறகு எடுத்த படங்களிலும் அதே வேலைதான். நேரில் சாயங்காலத்துக்குள் வடிந்த வீக்கம், படத்தில் உடனே வடிந்தது. அவள் கால் வீங்கிச் செருப்பு ஏறாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எப்போதிலிருந்து வீக்கம் என்று குழந்தைகளுக்கான சிறுநீரக டாக்டர் கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய படங்கள் இருந்தால் காட்டச் சொன்னார். இவர் போனை நீட்டினார். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, இதிலெல்லாம் முகம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அப்போதுதான் இவர் உண்மையைச் சொன்னார். இவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதாம். அதனால்தான் கழிவறையில் நுரை நின்றிருக்கிறது. நான் சோப்பு என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நோய் மாத்திரைக்குக் கேட்கவில்லை. முதுகில் ஊசி விட்டுத் துணுக்கெடுத்துப் பார்த்ததில், சிறுநீரகத்துக்குள் வடு.

“விழுந்த வடு விழுந்ததுதான்மா. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்ப்போம். தினமும் காலையில குழந்தை முகத்தை நல்லா பாருங்க,” என்றார் டாக்டர்.

முகம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இவர் தலையிலா என் தலையிலா என்றுதான் தெரியவில்லை.

இப்போது விடிந்ததும் இவர் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, டாக்டருக்குக் காட்டுவதற்காகப் படமெடுக்கிறார். எதையும் தொடுவதில்லை. நேற்று இமைகள் மறுபடி உப்பியிருந்தன. படத்தைப் பார்த்த குருவி, இவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எப்பவும் போல கண்ணைச் சரி பண்ணிடுப்பா. அப்ப ஊசி போட மாட்டாங்கல்ல?”

இவர் படத்தைத் தொடாமல் போனை என்னிடம் நீட்டினார். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.