முப்பது இறாத்தல் வில்

1991 நவம்பரில் யாகோப்பு விட்ட அம்பு 1996 ஒக்டோபரில்தான் மானில் பட்டது. இடையில் அது எங்கும் விழவுமில்லை, எதிலும் குத்தி நிற்கவுமில்லை. நெஞ்சளவு உயரத்தில், ஜெர்மனியின் சவர்லாந்து மலைக்காட்டுப் பாதையின் குறுக்கே, போய்க்கொண்டே இருந்தது. முதல் மாதம் ஊர்ச்சனம் முழுக்கப் போய்ப் பார்த்தது. பிறகு வழியில் நிற்கிற மரத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தது. காளான் பொறுக்கப் போகிற பெண்கள் கூடையை முன்னால் பிடித்துக்கொண்டு குனிந்து கடந்தார்கள்.

யாகோப்பு மடுப் பக்கத்துக் காட்டில் விறகு வெட்டிப் பிழைத்தவன். மன்னாரில் துவக்கு வைத்திருந்தவர்களிடமெல்லாம் ஆமி வந்து துவக்கை வாங்கிக்கொண்டு போன பிறகு, அவனும் அவனோடு வேலை செய்தவர்களும் வில்லுக்கு மாறினார்கள். வில்லால் மான் அடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, கிட்டப் போகவேண்டும், அவ்வளவுதான். பிறகு ஆமி அவனையும் கொண்டுபோனது. திரும்பி வந்தபோது வலது தோள்மூட்டு கழன்று, பிழையாகப் பொருந்தியிருந்தது. அன்ரனிற்றாவைக் கலியாணம் கட்டிச் சில மாதங்களில் ஏஜென்சிக்காரன் அவனை ஜெர்மனியில் கொண்டுவந்து இறக்கினான். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் அவளைக் கூப்பிடுவதென்று பேச்சு. எப்போது ஏற்கப்படும் என்று கந்தோர் அதிகாரிகள் ஒருவரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அன்ரனிற்றா வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்தாள்.

அகதிகளை வைத்திருந்த ஹைம், மூடிக்கிடந்த ஒரு பழைய சத்திரம். வேலை செய்ய அனுமதியில்லை. சாப்பாடு பெட்டியில் வரும்: பாண், பன்றி ஈரல் அரைத்த தகரம், ஊசின தோடம்பழம். மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. தாண்டுவதென்றால் கந்தோரில் போய்க் காரணம் சொல்லிக் கடதாசி எடுக்கவேண்டும். கொட்வின் என்ற குருநகர்ப் பெடியன் அடுத்த மாவட்டத்துக் கோயிலில் பூசை கண்டு திரும்பும்போது பஸ்ஸில் பிடிபட்டான். அது அவனுடைய விண்ணப்பத்தில் போய் ஏறியது. அதற்குப் பிறகு, எல்லை எந்த மரத்தடியால் போகிறது, எந்த வேலிக்குள்ளால் வளைகிறது என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைவிட ஹைம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஊர்ச்சனம் வேண்டாத தளபாடங்களை ரோட்டோரத்தில் தூக்கி வைக்கிற நாளில் ஹைம் முழுக்கத் தெருவுக்கு இறங்கும். அறைத்தோழன் லோறன்ஸ் ஒரு டிவி கொண்டுவந்தான், படம் வரவில்லை, சத்தம் வந்தது. யாகோப்பு ஒரு மரவில்லைக் கொண்டுவந்தான். விளையாட்டுக் கழகத்தில் பெண்கள் பழகுகிற வில், இழுவை முப்பது இறாத்தல். அவனுடைய தோள் அதற்கு மேல் இழுக்காது.

“உதால மானோ?” என்றான் லோறன்ஸ். “உதால தேசிக்காயும் விழாதடாப்பா.”

“விழும்.”

“மன்னார் ஆக்கள் மானை வாயாலதானே அடிக்கிறவை.”

“நத்தாருக்குக் கோப்பையோட வருவாய்தானே, அப்ப கதைப்பம்.”

இலேசான வில்லுக்குப் பாரமான அம்பு வேண்டும். ஹேசல் தடியைச் சீவினான். ஹைம் குசினிக் கத்தியை முறித்து முனை செய்தான். அதைச் சத்திரத்துக் கொங்கிரீட் படியில் மயிர் வழிக்கிற கூருக்குத் தீட்டினான். பாரமான வில் எலும்பை உடைத்துக்கொண்டு போகும், முப்பது இறாத்தல் வில் போகாது. மான் பக்கவாட்டில் நிற்கவேண்டும், நம் பக்கத்து முன்கால் முன்னுக்குப் போயிருக்கவேண்டும். அப்போதுதான் தோள் எலும்பு விலகி நெஞ்சறைக்கு வழி திறக்கும். கால் பின்னுக்கு நின்றால் அம்பு எலும்பில் ஏறி நின்றுவிடும், மான் குற்றுயிராக அலைந்து வேறெங்காவது சாகும். ஒரு வீட்டு முற்றத்தின் குறுக்களவுக்குக் கிட்டப் போகமுடியாவிட்டால் வில்லை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

நவம்பரில் ஒரு பின்னேரம், பனிமூட்டம். காட்டோரத்து அப்பிள் மரத்தடியில் ஒரு பெண்மான் விழுந்த பழங்களைத் தின்றுகொண்டிருந்தது. காற்று சரி, பக்கவாட்டும் சரி. யாகோப்பு கிட்டப் போய்க்கொண்டிருந்தபோது காலில் வெள்ளைக் கல் தட்டியது. மாவட்ட எல்லைக் கல். மான் அந்தப் பக்கம். இன்னும் ஒரு முற்றத்தளவு தூரம் நடக்கவேண்டும், கையில் கடதாசி இல்லை. வில்லால் வேட்டையாடுவது ஜெர்மனியில் குற்றம் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு அவன் பயப்படவில்லை. கல்லைத் தாண்டப் பயந்தான். ஆகவே அங்கேயே நின்று, அந்த வில்லால் விடக்கூடாத தூரத்துக்கு, இழுத்து விட்டான்.

அம்பு நாணைவிட்டுக் கிளம்பி, தூரத்தைக் கண்டு, ஆறுதலாகப் போகத் தொடங்கியது. மறுநாள் போய்ப் பார்த்தபோது விரல் அகலம் நகர்ந்திருந்தது. லோறன்ஸைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்தார்கள். அது அவர்களையும் சேர்த்துக்கொண்டு போனது. கால்விரல் கல்லில் முட்டியதும் யாகோப்பு கையை விட்டான். டிசம்பர் முடிவில், நத்தாருக்குள், பின்னிறகும் எல்லையைத் தாண்டிவிட்டது. நத்தாருக்கு ஈரல் தகரம் தின்றார்கள். லோறன்ஸ் கோப்பையோடுதான் வந்தான்.

அந்தப் பக்கக் காட்டுக்குப் பொறுப்பான வைலாண்ட் பொலிசோடு வந்து வில்லைக் கொண்டுபோனார். அம்பைக் கொண்டுபோகமுடியவில்லை. யாருடைய நெற்றியிலாவது முட்டிவிடும் என்று முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டார், லொறியில் நீளமான பலகை ஏற்றினால் கட்டுகிற மாதிரி. மான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றது. அப்பிள் காலத்தில் பின்னேரமானால் அதே இடத்துக்கு வந்தது, குட்டிகளோடும் வந்தது. தலை நிமிர்த்தி அம்பைப் பார்க்கும், பிறகு தின்னும்.

விட்ட கை ஒரு மாவட்டம், அம்பு மற்ற மாவட்டம். படாத அம்பு குற்றமா என்று இரண்டு கந்தோர்களும் மாறி மாறி எழுதிக்கொண்டன. பட்ட பிறகு பார்ப்போம் என்று முடிந்தது. முடியாத வழக்கு உள்ளவனை நாடு கடத்தமுடியாது, ஏற்கவும் முடியாது. யாகோப்புக்கு டுல்டுங் கொடுத்தார்கள். கொஞ்சக் காலத்துக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று சொல்கிற கடதாசி அது. முடிய முடிய நீட்டினார்கள். 1993இல் சட்டம் இறுகியது. கொட்வினை விமானத்தில் ஏற்றினார்கள். லோறன்ஸுக்கும் மறுப்பு வந்தது. அவன் பாரிசுக்குப் போகிற வான் ஒன்றில் ஏறினான்.

“யாகோப்பு, உன்ர அம்புக்கு நான் மெழுகுதிரி கொளுத்திறன்,” என்றான் வான் கதவில் நின்று. “மெல்லமாப் போகச் சொல்லி.”

எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அம்பு போகிறவரைக்கும் நீ தப்பினாய் என்று. அது உண்மைதான். அம்பு போகிறவரைக்கும் அன்ரனிற்றாவைக் கூப்பிடமுடியாது என்பதும் உண்மைதான். முகாமுக்கு வெளியில் உள்ள ரெலிபோன் கடைக்கு அவள் வருவாள்.

“இஞ்சேருங்கோ, அம்பு இப்ப எவடத்தில?”

“பாதையைத் தாண்டிட்டுது.”

“இன்னும் எவ்வளவு கிடக்கு?”

“ரெண்டு அறையளவு வரும்.”

“எந்த அறை? பெரிய மனுசற்ர அறையோ, எங்கட காம்ப் அறையோ?”

அம்பைப் பார்க்கப் போவதற்கும் யாகோப்புக்குக் கடதாசி வேண்டியிருந்தது. காரணம் என்ன என்று கந்தோர்ப் பெண் கேட்பாள். என்னுடைய அம்பைப் பார்க்க என்பான். முத்திரை குத்தித் தருவாள். வருடங்கள் அப்படிப் போயின. தோள் குளிருக்கு நோகும். ஹைமில் புது ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவன் அவர்களுடைய பெயர்களைக் கேட்பதை நிறுத்திவிட்டான்.

1996 புரட்டாசியில், அந்த மாதம் முழுக்கச் செல்லுபடியான கடதாசியோடு போய்ப் பார்த்தபோது, ஒரு முழம் இருந்தது. அப்பிள்களைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மான் வராது, அம்பு சும்மா கடந்து போகும், நீயும் இப்படியே இருக்கலாம் என்று வைலாண்ட் சொன்னார். பட்டால் வழக்கு முடியும், முடிந்தால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். யாகோப்பு அன்ரனிற்றாவைக் கேட்டான்.

“படட்டும்,” என்றாள். “நீங்கள் அங்க பொறுத்துக்கொண்டு, நான் இஞ்ச பொறுத்துக்கொண்டு, ஆருக்கு என்ன? அனுப்பினா வாங்கோவன். நான் செத்தே போனன்?”

அப்பிள்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம் அவன் கடதாசி இல்லாமல் கல்லடி வரைக்கும் போனான். கல்லடி வரைக்கும் போகக் கடதாசி தேவையில்லை. மான் மரத்தடியில் நின்றது. மூஞ்சி நரைத்திருந்தது. சிவப்புத் துணி சாயம் போய்ப் பழுப்பாக இருந்தது. முனைக்கும் தோலுக்கும் இடையில் ஒரு விரல்கூட இல்லை. முன்கால் பின்னுக்கு நின்றது. கல்லடியில் நின்றே அவனுக்குத் தெரிந்தது. தோள் எலும்பில் ஏறும், அங்கேயே நிற்கும், மான் அதைச் சுமந்துகொண்டு குளிர்காலம் முழுக்க அலையும்.

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கல்லைத் தாண்டினான். அந்தப் பக்கம் நிலம் இந்தப் பக்கம் மாதிரியே இருந்தது. முதல் நாள் நடந்திருக்கவேண்டிய தூரத்தை நடந்து போய், மானுக்குப் பக்கத்தில் குந்தி, மாட்டுக்குக் குளம்பு பார்க்கிறவன் தூக்குவது போல முன்காலைத் தூக்கி ஒரு சாண் முன்னுக்கு வைத்தான். மான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய சேர்ட்டை முகர்ந்துவிட்டு அப்பிளுக்குத் திரும்பியது. தோலைத் தொட்டதும் அம்புக்கு விட்ட நாளின் வேகம் வந்தது. நெஞ்சறைக்குள்ளால் போய், மறுபக்கம் வெளியில் வந்து, மறுபடி ஆறுதலாகியது. மான் அப்பிளைத் தின்று முடித்தது, பிறகு படுத்தது.

வைலாண்ட் வந்தபோது யாகோப்பு குடலை எடுத்துக்கொண்டிருந்தான். எலும்பில் பட்டிருந்தால் இங்கேயே முடிந்திருக்கும் என்றார் அவர், அம்பைக் காட்டி. ஓம் என்றான் யாகோப்பு. ஒரு தொடை அவருக்கு. மீதியை உப்புத் தடவி, ஹைம் அறையின் ஹீற்றருக்கு மேல் கம்பி கட்டி, வத்தல் போட்டான். கந்தோர்கள் கூடின. எல்லை தாண்டியதற்கு அவன் முதியோர் இல்லத்துத் தோட்டத்தில் குளிர்காலம் முழுக்க இலை கூட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மானைப் பற்றித் தீர்ப்பு வரவில்லை. அம்பு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, நிற்காத அம்பின் வழக்கை மூடமுடியாது என்று விட்டுவிட்டார்கள்.

அப்பிள் மரத்துக்குப் பின்னால் மற்ற மாவட்டத்துக்குச் சொந்தமான ஒரு வீடு இருந்தது. அம்பு விட்ட அன்று பனிமூட்டத்தில் யாகோப்பு அதைக் காணவில்லை. இப்போது அம்பு அந்த வீட்டின் குசினி ஜன்னலைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. குடியிருந்தவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். விளம்பரம் போட்டும் வேறு ஒருவரும் வரவில்லை. அம்புக்குச் சொந்தக்காரன் அம்புக்குக் கிட்ட இருந்து அதற்குப் பொறுப்புச் சொல்லவேண்டும் என்று மற்ற மாவட்டம் எழுதியது. இந்த மாவட்டம் சந்தோசமாக ஆளைக் கொடுத்தது. இருப்பதற்கு அனுமதி வந்தது, வீடும் வந்தது. வீடு இருக்கிறவன் பெண்சாதியைக் கூப்பிடலாம்.

1998 வைகாசியில் அன்ரனிற்றா டுசல்டோர்ஃபில் வந்து இறங்கினாள். அவன் அவளுடைய பெட்டியை இடது தோளில் வைத்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் பின்பக்கம் போய் அம்பைப் பார்த்தாள்.

“உதுவோ?” என்றாள்.

“ஓம்.”

“நான் பெரிசா இருக்குமெண்டு நினைச்சன்.”

உள்ளே வந்து வத்தலை எடுத்து ஊறப்போட்டாள். உப்புக் கூடிப்போச்சு என்றாள். சாப்பிட்டார்கள்.

அடுத்த கோடையில் அம்பு ஜன்னலுக்கு வந்தது. யாகோப்பு முதல் நாளே கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தான். குளிருக்கு, அதன் கனத்துக்குத் துளை விட்டு ஒரு பலகை அடித்தான். முனை அடுப்புப் பக்கமாக உள்ளே நீண்டதும் அன்ரனிற்றா பழைய துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, கை துடைக்கிற துவாயை அதில் போட்டாள். நன்றாகக் காய்கிறது. அடுத்த வருடம் அது குசினியின் நடுவுக்கு வரும். மேசையை இப்போதே சுவரோடு தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.