பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்த நாள்

தலைமையாசிரியை என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது லூர்துராணி டீச்சரின் தீர்மானம். அதுவும் வெள்ளைக்காரி வருகிற அன்றைக்கு.

"நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது, பெரிய டீச்சர். மணியடிக்கிறது, மூக்குச் சிந்தி விடுறது, தெருச் சண்டை தீர்க்கிறது எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம். நீங்க மகாராணியாட்டம் உட்காருங்க."

"மகாராணிக்குக் கால் மரத்துப் போகுமேடி," என்று சிரித்தாள் தலைமையாசிரியை ரெங்கம்மாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். விஷயம் அப்படி.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். ஊருக்குள் இருக்கும் பெரிய பள்ளிக்கு ஆளரவமில்லாத தோப்புப் பாதை. பையன்கள் போவார்கள்; பெண்ணைத் தனியே அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. இங்கேயே ஆறாம் வகுப்பு வேண்டுமென்று ரெங்கம்மாள் வருஷக்கணக்காக மனுப் போட்டு வந்தாள். நார்வே தேசத்திலிருந்து இங்க்ரிட் என்ற பெண்மணி வரப்போவதாக இப்போது தகவல் வந்தது. பல நாடுகளில் பள்ளித் தலைவர்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள், சோதனை வந்தால் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து எழுதுகிற ஆராய்ச்சி அவளுடையது. அவளை அழைத்து வரும் டெபுடி இன்ஸ்பெக்டர் ரத்தினவேல், ஆறாம் வகுப்பைப் பற்றி அன்றைக்கே முடிவு சொல்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

ஹனீஃபா வாத்தியார் முந்தின சாயங்காலமே தெருவெல்லாம் சொல்லிவிட்டார்: "நாளைக்கு யாரும் டீச்சரைத் தேடி வரக் கூடாது. அவங்க கௌரவமா இருக்கணும்." தெரு அப்படியே கேட்டது. அன்பில் செய்கிற தப்பை மனிதர்கள் வெகு ஒழுங்காகச் செய்வார்கள். வியர்க்காமல் வந்து சேர வேண்டுமென்று காலையில் ரெங்கம்மாளுக்கு வண்டிகூட வந்துவிட்டது.

அவள் உட்கார்ந்தாள். இங்க்ரிட் எதிரே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பென்சில் சும்மா இருந்தது.

ரத்தினவேல் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு மெல்லக் கேட்டார்: "என்னம்மா, உங்களுக்கு வேலையே கிடையாதா? இருக்கிற அஞ்சு வகுப்புக்கே நீங்க தேவையில்லை போலிருக்கே. இதுல ஆறாவது வேறயா?"

ரெங்கம்மாள் யோசித்தாள். இது எங்கள் டீச்சர்கள் செய்த ஏற்பாடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொன்னால் லூர்துராணியும் ஹனீஃபாவும் அவர் முன்னால் தலை குனிய வேண்டும். 'ரெங்கா, நீயே பார்த்துக்கோ' என்று கோயில் பெருமாளை மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அப்போது ஆயா இருளாயி வாசலில் நின்று கையைப் பிசைந்தாள்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. உலை கொதிக்குது. ஊர் அரிசி வரலை."

சர்க்கார் பங்கோடு ஊர்ப் பங்கும் சேர்ந்தால்தான் அந்தப் பள்ளியில் மதியச் சோறு. சமைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பார்கள். தினமும் ஸ்கூலுக்கு நடந்து வரும் வழியில் ரெங்கம்மாள் கூடையோடு போய் வாங்கி வருவாள். மற்ற வேலைகளையெல்லாம் பங்கிட்டுக்கொண்டவர்கள் இதை மறந்துவிட்டார்கள். அவள் அதை ஒரு வேலையாக யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. வண்டியில் ஏறிய பரபரப்பில் அவளே மறந்துபோனாள்.

மரத்தடியில் பிள்ளைகள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தன. இப்போது கூடையைத் தூக்கினால் கௌரவம் போய்விடும். ஆறாம் வகுப்பும் போய்விடும். ரெங்கம்மாள் ஒரு மூச்சு விட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா மன்னிக்கணும். பிள்ளைங்க பசியா இருக்கு."

கூடையோடு அவள் தெருவில் இறங்க, இங்க்ரிட் பென்சிலோடு பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் குடையோடு ரத்தினவேல்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த தெரு மடை திறந்துவிட்டது. "டீச்சரே வந்துட்டாங்க! அப்ப பேசலாமா?" என்று ஒருத்தி கத்தினாள். கூடையில் ஒரு பிடி அரிசி விழும். கூடவே ஒரு வழக்கும் விழும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரனோடு கோபித்துக்கொண்டவளைப் பார்த்து, "முதல்ல நீ சாப்பிடு, அப்புறம் கோவிச்சுக்கோ," என்றாள். இங்க்ரிட்டுக்கு எழுத இடம் போதவில்லை.

வெள்ளையம்மாள் வீட்டு வாசலில் அவள் மகள் பொன்னுத்தாய் வாழை நார் கிழித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஐந்தாவதில் முதலாவதாக வந்தவள்.

"இந்தப் புள்ளையை இப்படி உட்கார வச்சுட்டியே வெள்ளையம்மா."

"நான் என்ன பண்றது டீச்சரம்மா? ஆறாவது இங்கே வரட்டும், நானே கொண்டுவந்து விடறேன். கொடுக்க மாட்டேங்கிறாரே அந்தப் புண்ணியவான்!"

"எந்தப் புண்ணியவான்?" என்றார் ரத்தினவேல்.

"யாரோ இன்ஸ்பெக்டராம். குடை பிடிச்சுக்கிட்டு ஊரைச் சுத்துவாராம், இதுக்கு மட்டும் நேரமில்லையாம்."

ரத்தினவேல் மெதுவாகக் குடையை மடக்கினார். அதற்குள் ஆளைப் புரிந்துகொண்ட பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயா, எம் பொண்ணையும் சேர்த்துக்குங்க." "எம் பேத்தி மூணு வருஷமா வீட்டில கிடக்கா."

இங்க்ரிட் ஏதோ கேட்டாள். அவர் தமிழில் சொன்னார்: "இவ்வளவு பாரத்தையும் எப்படித் தாங்குறீங்கன்னு கேட்கிறாங்க."

ரெங்கம்மாளுக்குக் கேள்வி விளங்கவில்லை. "நான் எங்கே தாங்கறேன்? எல்லாரும்தானே போடறாங்க," என்று கூடையைப் பார்த்தாள். ரத்தினவேல் அதை மெதுவாக மொழிபெயர்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது அவரே கூடையை வாங்கிக்கொண்டார். "கனமாத்தான் இருக்கு," என்றார். பள்ளி வாசலில் நின்று, "ஜூன்ல ஆறாவது ஆரம்பியுங்கம்மா. உத்தரவு வாங்கித் தர்றது என் பொறுப்பு," என்றார். லூர்துராணி சிலுவை போட்டுக்கொண்டாள். ஹனீஃபா கைக்குட்டையை எடுத்தார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். ஜூன் மாதம் காவேரியில் புதுத் தண்ணீர் வந்த வாரத்தில் பள்ளி திறந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, கனகாம்பரம் சூட்டி, தாய்மார்கள் தங்கள் பெண்களை ஊர்வலம் போல அழைத்து வந்தார்கள். நார் கிழித்த விரல்கள் சிலேட்டைப் பிடித்திருந்தன. ஆறாம் வகுப்புக்கு ரெங்கம்மாளே பெயர் கூப்பிட்டாள்.

"வெ. பொன்னுத்தாய்!"

"உள்ளேன் அம்மா!"

தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த வெள்ளையம்மாள் அதைக் கேட்டு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, ரங்கநாதர் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினாள்.