வசீலாவின் கல்யாண பனியன்

வசீலாவுக்கு நாற்பத்தேழு வயதில் கல்யாணம். அதுவும் முதல் கல்யாணம். கடலோர மஹ்தியா ஊரில் பாதிப் பிள்ளைகளை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டது அவள் கைதான்; ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக மருத்துவச்சி. ஊரார் கல்யாணங்களுக்குப் போய்க் குலவையிட்டு, கோதுமை ரவையில் ஆக்கின மீன் கூஸ்கூஸை வயிறாரச் சாப்பிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறவள். தனக்கென்று ஒன்று நடக்கும் என்ற நினைப்பை எப்போதோ விட்டிருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பார்க்க லமீன் வந்தார். துறைமுகத்தில் படகு எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர், மனைவியை இழந்து ஆறு வருஷம் ஆனவர். கிரீஸ் அப்பிய கையோடு அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். அதற்கப்புறம் மூன்று மாதத்தில் ஏழு தடவை வந்து ஜெனரேட்டரைக் கழற்றி மாட்டினார். எட்டாவது தடவை வசீலா கேட்டேவிட்டாள்.

"நிஜமா சொல்லுங்க. அந்த மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்கா?"

"இல்ல," என்றார் லமீன். "கோளாறு எனக்குத்தான்."

நகராட்சியில் சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாணக் கையெழுத்து என்று முடிவானது. பதினைந்து நாள் இருந்தது. அக்கா நஜியா மறுநாளே அம்மாவின் கல்யாண உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்துவிட்டாள். பட்டும் சரிகையும் சேர்ந்து தகடு மாதிரி விறைத்துப்போன சட்டை. மேஜைமேல் வைத்தால் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தது. வசீலா அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போனாள். உட்கார முடியவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள். கையும் வரவில்லை.

"மூச்சு விட முடியலக்கா."

"எதுக்கு மூச்சு? ரெண்டு மணி நேரம் தாங்க மாட்டியா? நான் தாங்கல?"

"உனக்கு அப்ப இருபது வயசு. இடுப்பும் இருந்துச்சு."

நஜியா முறைத்தாள். வசீலா சட்டையைக் கழற்றி மரியாதையாக மடித்து வைத்துவிட்டு, தன் மனதிலிருந்ததைச் சொன்னாள். தனக்கு வேண்டியது மெத்தென்ற பனியன் துணியில் ஒரு மேல்சட்டை. கையைத் தூக்கினால் கூடவே வரவேண்டும், சாப்பிட்டால் இடம் கொடுக்கவேண்டும். கடையில் கிடைப்பதெல்லாம் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு. அதனால் தானே தைக்கப் போகிறாள்.

"பனியன் போட்டுட்டுக் கல்யாணமா? ஊர் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டுமே. பாதிப் பேர் முதல்ல அழுதத நான் பார்த்திருக்கேன்."

வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஆலைகளில் மிஞ்சும் துணியை எடை போட்டு விற்கும் இடத்தில், குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். அடியில் கிடந்தது அது. மாதுளை முத்தின் நிறம். தொட்டால் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி. கடைக்காரர் துணியின் இரண்டு ஓரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினார். இரண்டு பங்காக நீண்டது, விட்டதும் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி வந்தது. வசீலா அதே இடத்தில் நின்று நாலைந்து தடவை இழுத்து இழுத்து விட்டாள்.

"அக்கா, வாங்குறதா இருந்தா வீட்ல போய் இழுங்க," என்றார் அவர்.

வீட்டில் திரைச்சீலை தைக்க வைத்திருந்த பழைய மெஷின் ஒன்று உண்டு. துவைத்துத் துவைத்து நைந்துபோன தன் பிரியமான சட்டை ஒன்றைச் செய்தித்தாளின்மேல் பரப்பி, பென்சிலால் சுற்றி வரைந்து, அந்த அளவுக்கு வெட்டினாள். இவ்வளவுதானா தையல் என்று தோன்றியது. தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, துணி அகலவாக்கில்தான் இழுபடும், நீளவாக்கில் இழுபடாது என்பது. அவள் திருப்பி வெட்டியிருந்தாள். சட்டை மேலும் கீழும் தாராளமாக நீண்டது. மார்பைச் சுற்றி ஒரு விரலுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. கொஞ்சம் பலமாக மூச்சிழுத்தாள். தையல் டப்டப்பென்று அக்குள் முதல் இடுப்பு வரை விட்டுப்போனது.

அவளுக்கு அழுகை வரவேண்டிய இடம். சிரிப்புதான் வந்தது. இந்த ஒரு மாதமாகவே அப்படித்தான். பால் பொங்கினால் சிரிப்பு, பஸ் போய்விட்டால் சிரிப்பு. வலியில் கத்தும் பெண்களுக்கு முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது.

கடைத்தெருவுக்குப் போனாள். நூல் விற்கிறவளிடம் கிழிந்த தையலைக் காட்டினாள். அவள் பார்த்த மாத்திரத்தில், "நேர்த் தையல் போட்டிருக்க. துணி நீளும், நூல் நீளுமா? வளைச்சு வளைச்சு ஜிக்ஜாக் போடு," என்று சொல்லி, முனை மழுங்கின ஊசி ஒன்றையும் கொடுத்தாள். கூர் ஊசி இந்தத் துணியைக் குத்திக் கிழிக்குமாம். இது இழைகளை விலக்கிக்கொண்டு போகுமாம். "துணிய நீ இழுக்காத. அது போற போக்குல போகட்டும்." மருத்துவச்சிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

மிச்சத் துணியில் இரண்டாவது சட்டை உருவானது. தோள் சேர்ந்தது, கை சேர்ந்தது, பக்கங்கள் சேர்ந்தன. கழுத்துப்பட்டி மட்டும் பாக்கி. வியாழக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் இரண்டு கையையும் தூக்கி ஆடிப் பார்த்தாள். எங்கேயும் பிடிக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து வாஞ்சையாகக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. யார் என்று நினைத்தபோது காது சூடானது.

வெள்ளிக்கிழமை கழுத்துப்பட்டியைத் தைத்துவிடலாம் என்றிருந்தாள். இரட்டைப் பிள்ளைகள் வந்து அந்த நாளை எடுத்துக்கொண்டன. சனிக்கிழமை எட்டு மணிக்கு நஜியா அவளைச் சிகை அலங்காரத்துக்கு இழுத்துப்போனாள். அங்கே முடியை வாரி, சுருட்டி, தலைமேல் கோபுரமாக அடுக்கி, ஊசிகளாகக் குத்தி, ஏதோ மருந்தடித்து இறுக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த வசீலா அந்தக் கோபுரத்தோடே மெஷின் முன் உட்கார்ந்தாள். பட்டி, கழுத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் படிந்து நிற்கும் என்று நூல்காரி சொல்லியிருந்தாள். எவ்வளவு கொஞ்சம் என்று வசீலா கேட்டுக்கொள்ளவில்லை.

பத்தே கால். சட்டையைத் தலைவழியாகப் போட்டாள். கைகள் போயின. தலை நுழைந்தது, கோபுரம் கழுத்துப்பட்டியில் போய் இடித்தது, நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் வரவில்லை.

"அக்கா."

"என்னடி?"

"மாட்டிக்கிட்டேன்."

நஜியா அறைக்குள் வந்தாள். தலையில்லாத மாதுளை நிற உருவம் ஒன்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது. கத்தரிக்கோலை எடுத்தாள். அந்தச் சத்தம் உள்ளே கேட்டுவிட்டது.

"வெட்டினா நான் கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்."

"பின்ன என்ன பண்ண?"

"இத்தனை வருஷமா நான் என்ன பண்றேனோ அதைப் பண்ணு. கிட்ட வா. ரெண்டு விரலை உள்ள விடு. சுத்தி மெதுவா இளக்கிக் கொடு."

நஜியா விரலை விட்டாள். கழுத்துப்பட்டி கொஞ்சம் இளகியது. உச்சிக் கொண்டையின் நுனி வெளியே தெரிந்தது.

"அல்லாவே, தலை தெரியுது," என்றாள் நஜியா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. துணிக்குள்ளிருந்து ஒரு குலுங்கல் புறப்பட்டது. நஜியாவும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயது, நாலு பிள்ளை பெற்றவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடினாள்.

"சிரிக்காத. மூச்ச விடு. ம், இப்பத் தள்ளு. நல்லாத் தள்ளு," என்றாள் நஜியா.

வாசல் கதவு தட்டப்பட்டது. லமீன். புதுச் சட்டை, புதுச் சவரம், அரை மணி நேரம் முன்னதாகவே காரோடு வந்திருந்தார். உள்ளே 'தள்ளு, தள்ளு' என்ற சத்தமும் முனகலும் கேட்டன. மருத்துவச்சியைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு அது புதிதாகப் படவில்லை. எவளோ நேரம் தப்பி வந்துவிட்டாள் என்று எண்ணி, கதவோரம் தள்ளி நின்று, அடக்கமாகக் குரல் கொடுத்தார்.

"அவசரம் வேண்டாம். நகராட்சிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். முதல்ல அந்த அம்மாவ நல்லபடியாப் பாருங்க."

உள்ளே இருவருக்கும் சிரித்துச் சிரித்து உயிர் போய் வந்தது. நஜியா கழுத்து வழியாகக் கையை விட்டு, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டாள். இருபத்தேழு ஊசி. கோபுரம் சரிந்தது. வசீலா கடைசியாக ஒரு மூச்சை இழுத்துத் தலையை முட்டினாள். பொளக்கென்று வெளியே வந்தாள். முகமெல்லாம் சிவந்து, முடி நாலு பக்கமும் பறந்து, கண்ணில் நீர் வழிய.

சத்தம் அடங்கியதைக் கேட்டு லமீன், "என்ன பிள்ளை?" என்றார்.

"பொண்ணு," என்று கத்தினாள் நஜியா. "வயசு நாப்பத்தேழு."

நஜியா கதவைத் திறந்தாள். லமீன் வசீலாவைப் பார்த்தார், தரையில் கிடந்த ஊசிகளைப் பார்த்தார், விஷயம் மெல்ல மெல்ல ஏற, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வசீலா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு தையல்கூட விடவில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கல்யாணத்தைவிடப் பெரிதாக இருந்தது, ஒரு நிமிஷத்துக்கு.

முடியை வாரி ஒற்றைப் பின்னலாகப் போட்டு, பின்னலில் மல்லிகைச் சரம் ஒன்றைச் செருகிக்கொண்டு அவள் நகராட்சிப் படி ஏறினாள். அதிகாரி அம்மாள் கண்டிப்பான முகக்காரி. சம்மதமா என்று கேட்டபோது லமீன் வாயைத் திறந்தார். பேச்சுக்குப் பதில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. வசீலா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அழறாங்களா?" என்று அதிகாரி நஜியாவைக் கேட்டார்.

"ஆமாம்மா. ரொம்ப இளகின மனசு," என்றாள் நஜியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மூன்றாவது தடவை கேட்டபோது இருவரும் ஒரே குரலில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டதும் வசீலா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, தன் கல்யாணத்துக்குத் தானே குலவையிட்டாள். நஜியா தடுக்கவில்லை. சேர்ந்து இட்டாள்.

மதியம் நஜியா வீட்டு முற்றத்தில் மீன் கூஸ்கூஸ். வசீலா மூன்று தட்டு சாப்பிட்டாள். சட்டை இடம் கொடுத்தது. ஆடினாள், வியர்த்தாள், மறுபடி ஆடினாள். வந்த பெண்களெல்லாம் அவள் கையை, தோளைத் தொட்டு, இழுத்து விட்டுப் பார்த்தார்கள். விறைத்த சரிகையில் வந்திருந்த பக்கத்து வீட்டு ஜலீலா மட்டும் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணு தைச்சுத் தருவியா?" என்று காதில் கேட்டாள்.

நாலு மணிக்கு ஜெர்பா தீவுக்குக் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டி ஆலிவ் தோப்புகள் வருவதற்குள் புதுப்பெண் காலை மடக்கி இருக்கையில் ஏற்றிக்கொண்டாள். லமீன் ஏதோ கேட்டார். திரும்பிப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, மாதுளை நிறக் கைக்குள் முகத்தைப் புதைத்து அவள் தூங்கிப்போயிருந்தாள். லமீன் ரேடியோவை அணைத்துவிட்டு, பள்ளம் மேடு பார்த்து வண்டியை ஓட்டினார்.