மதகின் மேல் நின்று எடுத்த படங்கள்

அசரியாவுக்குக் குரோம்பேட்டையில் வீடு, பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட் வேலை. அறுபத்தெட்டாம் வருஷம், ஊருக்கு மாற்றலாகிப் போன ஒருவரிடமிருந்து பழைய அக்ஃபா கேமரா ஒன்றை வாங்கினார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஒரே இடத்தை வருஷம் முழுக்க, பருவத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. கீழ்க்கட்டளை ஏரியின் மதகைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் படம் கார்த்திகையில். மதகுக் கல்லைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் கிடந்தது. ஏரிக்கரைக் குடிசையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் அங்காளம்மாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் வடிந்ததும் ஏரிக்குள் இறங்கி வெள்ளரியும் கீரையும் போட்டு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்பவள்.

"இன்னா சார், அளந்துகினு கீறியா?"

"இல்லம்மா. போட்டோ."

"யாருக்கு?"

"எனக்குத்தான். சும்மா."

"சும்மாவா?" என்றாள். அவர் சைக்கிள் ஏறிக் கண்மறையும் வரை அவள் உள்ளே போகவில்லை.

மாசியில் போனபோது தண்ணீர் பாதியாகியிருந்தது. இந்த முறை அவள் அவருடைய சைக்கிளைச் சுற்றி வந்து, கேரியரில் இருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே பைபிளும் பாட்டுப் புத்தகமும்தான் இருந்தன. சித்திரையில் ஏரி வெடித்துக் கிடந்தது. கிழக்கு ஓரத்தில் அவளுடைய வெள்ளரிக் கொடிகள் மட்டும் பச்சையாக ஓடின. அவற்றை முன்னால் வைத்து எடுத்தார். அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். பல்லாவரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த கரீம் மூன்று படங்களையும் பெரிதாக்கி, கடை வாசல் கண்ணாடிக்குள் வரிசையாக மாட்டினார். அசரியா ஆபீஸ் விட்டு வரும்போது குரோம்பேட்டையில் இறங்காமல், முந்தின ஸ்டேஷனான பல்லாவரத்திலேயே இறங்கி இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆடி மாதம் நாலாவது முறை போனார். ஏரிக்குள், கிழக்கு ஓரத்தில், சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. மதகில் ஏறுவதற்குள் அங்காளம்மாள் வந்து வழியை மறித்தாள். பின்னால் நாலைந்து பேர்.

"மூணு தபா வந்து படம் புடிச்சுகினு போன. உன் பின்னாலயே அளக்குற சங்கிலி வந்திச்சு, கல்லு வந்திச்சு. கல்லு என் வெள்ளரி மேலயே கீது. உன்னை அனுப்பினது யாரு சார்?"

"யாரும் அனுப்பலைம்மா. நான் வேற ஆபீஸ். கப்பல் ஆபீஸ்."

"கப்பலுக்கு இங்க இன்னா வேலை?"

பின்னால் ஒருவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கேமராவுக்குள் இருப்பதை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். அசரியா மூடியைத் திறந்து சுருளை வெயிலில் உருவி அவள் கையில் கொடுத்தார். அதில் மனைவி பியூலாவையும் பிள்ளைகளையும் எடுத்த ஆறு படங்களும் போயின. அங்காளம்மாள் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் தெரியாதது அவள் சந்தேகத்தைக் கூட்டியதே தவிர, குறைக்கவில்லை.

நேராகப் பல்லாவரம் போய்க் கரீமிடம் புலம்பினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கரீம் சொன்னார்:

"அசரியா சார், வைகாசியில ஒருத்தர் காரில வந்தார். உங்க ஏரிப் படத்தைக் கேட்டார். ரசிகர்னு நெனச்சுட்டேன். நாலு பிரதி போட்டுக் கொடுத்தேன். உங்ககிட்ட சொன்னா சந்தோஷப்படுவீங்கன்னு இருந்தேன், மறந்துபோச்சு."

"எந்தப் படம்?"

"காஞ்சு கெடக்குமே, அது மட்டும். தண்ணி இருக்கிறது பக்கத்துலயே மாட்டியிருந்தது. அதைச் சும்மா கொடுத்தாக்கூட வேணாம்னுட்டார்."

அசரியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தண்ணீரே நிற்காத இடம் என்று யாரிடமோ காட்டி, மனை போட ஒருவன் கிளம்பியிருக்கிறான். அதற்கு அத்தாட்சி அவர் எடுத்த படம். அதோடு இன்னொரு எண்ணமும் வந்தது. கரீம் மறந்தாரா, மறைத்தாரா? பத்து வருஷப் பழக்கத்தில் அப்படி ஒரு கேள்வி அவருக்கு வந்ததே இல்லை. அதைக் கேட்காமலே நெகடிவ்களை எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கரீம் அதைக் கவனித்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

அடுத்த ஞாயிறு கார்த்திகைப் படத்துடன் அங்காளம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இதைக் குடுத்தா கல்லைப் புடுங்கிருவாங்களா?"

"தெரியாது. மனு எழுதித் தரேன். கூடவே வரேன்."

"இது ஏரின்னு நீ காட்டிட்டா, நான் வெள்ளரி போட்ட எடமும் ஏரிதானே சார்? நாளைக்கு என்னையும் எறங்காதன்னு சொல்வான்ல?"

அசரியா இதை யோசித்திருக்கவில்லை. அவளே சொன்னாள்: "ஏரியாவே கெடக்கட்டும். தண்ணி வடிஞ்சா எறங்குவேன். வூடு வந்துட்டா, அது வடியாது."

ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவளுடன் தாலுகா ஆபீஸ் போனார். கரைக்காரர்கள் பதினெட்டுப் பேர் கைநாட்டு வைத்த மனுவையும், படத்தையும், படம் எடுத்த தேதி எழுதிய காகிதத்தையும் வாங்கிக்கொண்டார்கள். விசாரிப்பதாகச் சொன்னார்கள். புரட்டாசியில் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார். என்ன எழுதினார் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் மனை போட யாரும் வரவில்லை. ஐப்பசி மழையில் கற்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு அடியில் போயின.

அந்த மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை அசரியா மறுபடி மதகில் ஏறினார். அங்காளம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது யாருக்குப் போகுது?"

"என் பெட்டியிலேயே இருக்கும்மா. கழுவ மட்டும் கரீம் பாய்கிட்ட கொடுக்கணும்."

"அவரை நம்பலாமா?"

அசரியா கேமராவுக்குள் குனிந்தபடி நின்றார். தண்ணீரில் மேகம் அழகாகத்தான் கிடந்தது. பொத்தானை அழுத்த மட்டும் கை வரவில்லை.

"நம்பலாம்னு நினைக்கிறேன்" என்றார்.

"நெனச்சுகினே இரு" என்றாள் அங்காளம்மாள், அங்கிருந்து நகராமல்.